வாப்பா வெட்டிய முந்திரிகைக் கொடி

குந்தி இருந்து கதை சொல்ல எனக்கு வராது. இதை எழுதத் தொடங்கியதிலிருந்து மூன்று தரம் எழும்பிவிட்டேன். ஒரு தரம் அடுப்பில் பால் வைத்த ஞாபகம் வந்தது. ஒரு தரம் வாசலில் யாரோ கூப்பிட்ட மாதிரி இருந்தது. மூன்றாம் தரம் ஒரு காரணமும் இல்லை, சும்மா எழும்பினேன். முழங்கால் இரண்டும் தேய்ந்துபோன இந்த வயதிலும் இந்தக் குணம் போகவில்லை. வாப்பாவிடமிருந்து வந்தது. என் வயதுக்காரர்களே, சாய்ந்தமருதில் கடற்கரைப் பக்கம் வளர்ந்தவர்களே, நீங்கள் என் வாப்பாவைச் சைக்கிளில் கண்டிருப்பீர்கள், வேலியில் ஏறி நிற்கக் கண்டிருப்பீர்கள். ஓர் இடத்தில் இருக்கக் கண்டிருக்க மாட்டீர்கள்.

நீர்ப்பாசனக் கந்தோரில் கிளாக்கர் வேலை. பின்னேரம் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிக் கதிரையில் போடுவார். அந்தக் கதிரைக்கு அவரால் கிடைத்த வேலை அதுதான். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தேத்தண்ணீர்க் கோப்பையோடு வீட்டு வளவைச் சுற்றத் தொடங்குவார். உம்மா பின்னாலேயே பிட்டுத் தட்டோடு போவா.

"இஞ்ச பாருங்க, ஒரு வாய் குந்தி இருந்து தின்னுங்களன். ஆரும் உங்களக் கலைக்கிறாகளா?"

"ஓம் ஓம், வை. வாறன்."

வரமாட்டார். கோழி வந்து தட்டில் வாய் வைத்த பிறகுதான் வருவார்.

அவருக்கு ஒவ்வொரு வருடமும் ஒரு பைத்தியம் பிடிக்கும். முதலில் ரேடியோ. எங்கள் வீட்டு ரேடியோவைத் திருத்துகிறேன் என்று கழற்றினார். அது மரப்பெட்டியும் கம்பியுமாக அலுமாரிக்கு மேல் கிடந்து கிடந்து, கடைசியில் பூனை அதற்குள் குட்டி போட்டது. பிறகு தேனீ. பெட்டி செய்து வைத்தார், தேனீயும் வந்தது. தேங்காய் பறிக்க வந்த மனிதர் பாதி மரத்திலிருந்து அலறிக்கொண்டு இறங்கி ஓடினார். அதற்குப் பிறகு எங்கள் தென்னைகளில் ஏற ஒருவரும் வரவில்லை. பிறகு தாரா முட்டை, வாத்தினுடையது. மண்ணெண்ணெய் விளக்கை வைத்துக் குஞ்சு பொரிக்கப்போகிறேன் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். இருபத்தெட்டாம் நாள் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளெல்லாம் குஞ்சு பார்க்க வந்து நிற்க, பெட்டியைத் திறந்தால் நாற்றம் தாங்க முடியவில்லை. முட்டை அவிந்து, பிறகு அழுகி, கோலம் கெட்டுப் போயிருந்தது. எத்தனை நாளாக அந்தக் கதையைச் சொல்லிச் சிரித்தார்கள்! உம்மாவும் கூடச் சேர்ந்து சிரித்தா. வாப்பாவும் சிரித்தார். அவர் சிரித்ததை அப்போது நான் அப்படியே நம்பினேன்.

அதற்குப் பிறகுதான் முந்திரிகை. கடைக்காரர்கள் திராட்சை என்பார்கள், எங்களுக்கு முந்திரிகைதான். கந்தோரில் கூட வேலை செய்த யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் ஈரச் சாக்கில் சுற்றி இரண்டு தடி கொண்டுவந்து கொடுத்தார். கடற்கரை மணலில் முந்திரிகையா என்று எல்லாரும் கேட்டார்கள். வாப்பா ஆளளவு குழி வெட்டினார். மாவடிப்பள்ளி வயலிலிருந்து வண்டியில் சேற்று மண் கொண்டுவந்து போட்டார். மாட்டெரு போட்டார், கடற்கரையிலிருந்து மீன் தலை வாளி வாளியாகக் கொண்டுவந்து மண்ணுக்குள் தாட்டார். ஒரு மாதம் எங்கள் வாசலில் நின்று மூச்சு விட முடியாது. ஒரு தடி பட்டுப்போனது, மற்றது பிடித்துக்கொண்டது.

கிணற்றடியிலிருந்து வாசல் வரைக்கும் கம்பியால் பந்தல் இழுத்தார். இரண்டு வருடத்தில் அது முழுக்க இலை மூடிவிட்டது. மத்தியான வெயிலில் அந்த நிழலுக்குள் போனால் உடம்பெல்லாம் பச்சையாகத் தெரியும். உம்மா அரிசி புடைப்பதும் அங்கே, எனக்கு மூத்தவள் ராத்தா தலை காய வைப்பதும் அங்கே, நான் பாடம் எழுதுவதும் அங்கே. பழம்தான் இல்லை. ஒரே ஒரு தரம் பதினொரு பழம் பழுத்தது. வாப்பா அதைக் கோப்பைப் பீரிசுத் தட்டில் வைத்து ஆளுக்கு இரண்டு மூன்று என்று பங்கு வைத்தார். உம்மா வாயில் போட்டு ஒரு கண்ணை மூடினா.

"மீன் ஆணம் காச்சப் போடலாம். புளி மிச்சம்."

சும்மா சொன்னதுதான். ஆனால் வாப்பா தன் பங்கைத் தின்னாமல் எழும்பிப் போனார்.

இனி நான் சொல்லப்போவது ராத்தாவின் கலியாண வருடம். எனக்குப் பத்து வயது, ராத்தாவுக்குப் பதினெட்டு. எங்கள் பகுதியில் வீடு பெண்ணுக்கு என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, ஆனால் வெளியூரில் வளர்ந்த பேரப் பிள்ளைகள் யாராவது படிக்கக்கூடும். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். பெண்ணைப் பெற்றவர்கள் அந்த வீட்டை மகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, அடுத்த மகளுக்கென்று வைத்திருக்கிற வளவுக்குப் போய் அங்கே இன்னொரு வீட்டைக் கட்டத் தொடங்குவார்கள். எங்கள் வீடு உம்மாவுக்கு அப்படி வந்தது. வாப்பா அதற்குள் மாப்பிள்ளையாக வந்தவர். வீடு உம்மாவின் வீடு, கிணறு உம்மாவின் கிணறு, தென்னை உம்மாவின் தென்னை. அவர் கையால் வைத்து அவருடையது என்று அந்த வளவில் நின்றது அந்தக் கொடி ஒன்றுதான். இது இப்போது எழுதும்போது தெரிகிறது. பத்து வயதில் எனக்கு வேறு கவலை.

என் கவலையையும் சொல்லிவிடுகிறேன், ஒளித்து என்ன? எனக்கு ராத்தா மேல் எரிச்சல். வீடு அவளுக்கு, பந்தல் நிழல் அவளுக்கு, கிணற்றடி அவளுக்கு. எனக்குப் பின்தெருவில் வெறும் வளவும் ஒரு ஓலைக் கிடுகுக் கொட்டிலும். ஒரு நாள் முழுக்க அவளுடைய சீப்பை ஒளித்து வைத்து அவளை அழவிட்டேன்.

மாப்பிள்ளை மருதமுனை, வாத்தியார். மாப்பிள்ளையின் உம்மா வீடு பார்க்க ஒரு வியாழக்கிழமை வந்தா. எங்கள் பக்கத்துக்குப் பேச மாமா வந்திருந்தார். மாமா என்றால் உம்மாவுக்கு மூத்த காக்கா. நல்ல மனிதர், அவசரக்காரர், தன் தங்கச்சிக்கு ஒன்று என்றால் உயிரை விடுவார். சிறுபோக வேளாண்மை வெட்டு முடிந்ததும் கலியாணம் என்று முடிவானது. இடையில் நாலு மாதம் இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் முன்னறை, பின்னறை, குசினி எல்லாம் கலியாணத்துக்கு முதல் ஒழித்துத் தர வேண்டும் என்றார்கள். மாமா உடனே ஓம் என்றார். உம்மாவும் தலையாட்டினா. வாப்பா அந்த நேரம் விருந்தாட்களுக்கு வாழைப்பழத் தட்டை நீட்டிக்கொண்டு நின்றார். ஒருவரும் அவரைப் பார்க்கவில்லை.

"நல்லது" என்று அவராகவே சொன்னார்.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. விடியக்காலையில் கத்தரிச் சத்தம் கேட்டு எழும்பினேன். வாப்பா சுபஹ் தொழுதுவிட்டு வந்து ஏணியில் நிற்கிறார். கீழே இலை முழங்காலளவு குவிந்து கிடக்கிறது. ஒரு இலை மிச்சமில்லாமல் உருவி, கொடியையும் கட்டை கட்டையாக வெட்டிக்கொண்டிருந்தார். உம்மா குசினியிலிருந்து வந்து பார்த்துவிட்டு நெஞ்சில் கை வைத்தா.

"யா அல்லாஹ்! என்னத்துக்கு இந்த வேல செய்றீங்க?"

வாப்பா அடுத்த தண்டில் கத்தரியை வைத்தார்.

"ஊட்டக் குடுக்க மனமில்லாட்டி நேத்து அவகளுக்கிட்டச் சொல்லியிருக்கலாமே! பெத்த புள்ளைக்கிக் குடுக்கிற ஊட்டுல நிழலக்கூட மிச்சம் வைக்க ஏலாதா உங்களுக்கு?"

"கண்டாத் தெரியும்" என்று மட்டும் சொன்னார். இறங்கி ஏணியைச் சாத்திவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் சைக்கிளில் போனால் எங்கே போகிறார் என்று ஒருவருக்கும் தெரியாது, சும்மா காரைதீவு மட்டும் மிதித்துவிட்டு வருவார். உம்மா அன்றிலிருந்து அவரோடு கதைப்பதை நிறுத்திவிட்டா. சோறு போடுவா, தட்டைச் சத்தமாக வைப்பா, அவ்வளவுதான். ராத்தா அறைக்குள் அழுதாள். தெருவில் கதை பரவியது. மகளுக்கு வீடு கொடுக்கிற கோபத்தில் கிளாக்கர் கொடியை வெட்டிப்போட்டாராம்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். அசர் தொழுகைக்குப் பிறகு கிணற்றடியில் போய் நின்று அழுதேன். வெட்டிய இடங்களிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. என் கழுத்தில் ஒரு சொட்டு விழுந்தது, குளிர்ந்தது. வாப்பா பின்னால் வந்து நின்றார்.

"என்ன புள்ள, நீயும் அழுறயா?"

"கொடியச் சாக்காட்டிட்டீங்க."

அவர் சுற்றிப் பார்த்துவிட்டுக் குனிந்தார். அவருடைய சாரத்தில் மாட்டெரு வாசம் அடித்தது.

"சாக்காட்டல்ல மகள். இதுக்கு இப்பிடித்தான் செய்யோணும். இலய உருவிக் கொடிய வெட்டி விட்டாத்தான் குல போடும். யாழ்ப்பாணத்துல அப்பிடித்தான் செய்றாகளாம். நான் இவ்வளவு காலமும் தெரியாம இலய மட்டும் வளத்துக்கிட்டு இரிந்திருக்கன். நண்பர் ஊருக்கு மாறிப் போய் இப்பதான் கடிதம் எழுதினார். வெட்டி நாலு மாசத்துல பழம். கலியாணத்தண்டைக்கி மாப்பிள்ள இந்தப் பந்தலுக்குள்ளால வரக்குள்ள குல தலயில முட்டோணும். பாரு நீ."

"அப்ப உம்மாக்குச் சொல்லுங்களன்."

"உம்மா நேத்து என்னட்ட ஒரு வார்த்த கேக்கல்ல" என்றார். கொஞ்ச நேரம் கம்பியைப் பிடித்து அசைத்துப் பார்த்தார். "தாரா முட்டைக்கி வாயத் திறந்து பட்டது போதும். இந்த முற ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன். நீயும் சொல்லப்படாது. வாக்கு?"

"வாக்கு" என்றேன். சொல்லும்போதே ஒன்று உறைத்தது. அந்தப் பழமும் ராத்தாவுக்குத்தான்.

பத்துப் பன்னிரண்டு நாள் போனது. அந்த நாட்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு இருப்புக் கொள்வதில்லை. வாப்பா விடிந்தால் பந்தலடியில், கந்தோர் விட்டால் பந்தலடியில். உம்மாவுக்கு அதைப் பார்க்கப் பார்க்க ஆத்திரம். வெட்டிப்போட்டுவிட்டு என்னத்தைப் பார்க்கிறார் என்று என்னிடம் கேட்பா, அவரிடம் கேட்க மாட்டா. வாப்பாவோ அவ கேட்கட்டும் என்று காத்துக்கொண்டு கிணற்றைச் சுற்றுவார். நான் நடுவில், சொல்வதா விடுவதா என்று நகத்தைக் கடித்துக்கொண்டு. ஒரே ஒரு வார்த்தைதான்! இந்தப் பக்கமிருந்தோ அந்தப் பக்கமிருந்தோ ஒரு வார்த்தை வந்திருந்தால் போதும். பெரிய மனிதர்கள் என்று நான் பயந்து மதித்த இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகளிலும் கேடாக ரோசம் பிடித்துக்கொண்டு திரிந்தார்கள். இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

சிறுபோகத்துக்கு வாய்க்காலில் தண்ணீர் விடுகிற காலம் வந்தது. கந்தோர் வேலையாக வாப்பா மூன்று நாள் மேற்கே வயல் பக்கம் போய்த் தங்க வேண்டியிருந்தது. புறப்படுகிற காலை என்னைக் கூப்பிட்டுக் கொடியின் கணுவைக் காட்டினார். கடுகளவில் ஒரு பச்சைப் புள்ளி. பிறகு இன்னொன்று. பார்த்துக்கொண்டு போனால் எல்லாக் கணுவிலும் இருந்தது.

"கண்டியா?" என்றார். அவருடைய முகத்தை அப்படி நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

அன்றைக்குப் பின்னேரமே மாப்பிள்ளையின் உம்மா சாமான் வைக்க அறை அளந்து பார்க்க வந்தா. வாசலில் நின்று மொட்டைக் கொடியைப் பார்த்தா.

"என்ன இது, ஆள் மௌத்தான ஊடு மாதிரிக் கிடக்கு. கலியாணத்துக்கும் இப்பிடியேதான் இரிக்குமா?"

அவ போனதும் உம்மா குசினிக்குள் இருந்து அழுதா. அடுத்த நாள் காலை மாமா வந்தார். கூட ஒரு கூலிக்கார மனிதர், தோளில் அலவாங்கும் மண்வெட்டியும்.

"தங்கச்சி, இதப் பாத்துப் பாத்து நீ அழத் தேவல்ல. மச்சான் கோவத்துல வெட்டிட்டார். மிச்சத்த நான் எடுத்து விடுறன். மணல் பரத்தினா கலியாணப் பந்தலுக்கு நல்ல இடம்."

உம்மா ஒரு நிமிடம் யோசித்தா. அவ யோசித்ததை நான் கண்டேன். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டா.

நான் கிணற்றுக் கட்டில் வாளிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முதலில் கம்பியை வெட்டினார்கள். பந்தல் ஒரு பக்கமாகச் சரிந்து விழுந்தது. பிறகு அடியைச் சுற்றி அலவாங்கு போட்டார்கள். சேற்று மண்ணின் வாசமும் பழைய மீன் வாசமும் கிளம்பியது. கொஞ்சம் தோண்டியதும் அந்த மனிதர் நிமிர்ந்தார்.

"காக்கா, இது சாகல்ல போல இரிக்கி. வேர் நல்ல ஈரமா இரிக்கி."

"சாகாட்டி என்ன? ஒரு இல இல்லாத கொடிய வச்சி என்ன செய்ற?" என்றார் மாமா. பிறகு என்னைப் பார்த்தார். நல்ல மனிதர் என்று சொன்னேனே. என் முகத்தில் எதையோ கண்டிருக்க வேண்டும். வேலையை நிறுத்திவிட்டுக் கிட்ட வந்தார்.

"என்ன புள்ள, உனக்குக் கவலயா? வைக்கோணுமா இத? சொல்லு, விட்டுடுறன்."

"இல்ல மாமா" என்றேன்.

வாப்பாவுக்குக் கொடுத்த வாக்குக்காகத்தான் வாயைத் திறக்கவில்லை என்று எத்தனையோ வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதி உண்மை. மாமா கேட்டபோது ஓம், வைக்க வேண்டும் என்று மட்டும் சொல்லியிருக்கலாம். அதற்கு வாக்கை மீறத் தேவையில்லை. நான் சொல்லாததற்குக் காரணம் அறைக்குள் ராத்தா புதுச் சட்டை போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது. அவளுடைய மாப்பிள்ளையின் தலையில் குலை முட்ட வேண்டாம் என்று எனக்கு ஒரு நினைப்பு இருந்தது. பத்து வயதுப் பிள்ளைக்கு இவ்வளவு கறுப்பு மனமா என்று கேட்பீர்கள். ஓம், இருந்தது.

மத்தியானத்துக்குள் குழி மூடிவிட்டது. கடற்கரை மணல் கொண்டுவந்து பரத்தினார்கள். வாசல் வெள்ளையாக, கண் கூசிக்கொண்டு கிடந்தது.

மூன்றாம் நாள் வாப்பா வந்தார். நான் அலுமாரிக்குப் பின்னால் நின்றேன். சைக்கிள் மணிச் சத்தம் கேட்டது, பிறகு ஒன்றும் கேட்கவில்லை. மாமா முன்னறையிலிருந்து எழும்பிப் போய்ச் சொன்னார்.

"நான்தான் மச்சான் எடுத்த. உங்களுக்கும் கண்ணுல படாம இரிக்கட்டும் எண்டு."

"நல்லது மச்சான்" என்றார் வாப்பா.

உள்ளே வந்து சைக்கிள் பையைக் கதிரையில் வைத்தார். முகம் கழுவப் போனார். உம்மா அழுக்குத் துணி எடுக்கப் பையைத் திறந்தா. கட்டிலுக்கு மேல் கட்டுகிற நுளம்பு வலைத் துணியில் தைத்த சின்னச் சின்னப் பைகள், ஒவ்வொன்றுக்கும் வாயில் நாடா. எடுக்க எடுக்க வந்துகொண்டே இருந்தது. அத்தனை நாள் கதைக்காமல் இருந்தவ வாய் திறந்தா.

"இது என்ன?"

"முந்திரிகக் குலைக்கிக் கட்டுற. வௌவால் தின்னாம."

"எந்தக் குலைக்கி?"

வாப்பா துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். வெட்டினால்தான் காய்க்கும் என்ற கதையை உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு, கணக்குச் சொல்வது போல மெதுவாகச் சொன்னார். உம்மா நிலத்தில் இருந்துவிட்டா. பைகள் மடியில் கிடந்தன. மாமா செருப்பைக்கூடப் போடாமல் வெளியே இறங்கிப் போனார். எனக்கு இன்றைக்கும் அந்தப் பைகளின் வெள்ளை கண்ணில் நிற்கிறது.

கலியாணம் நன்றாக நடந்தது. ராத்தாவும் மாப்பிள்ளையும் நன்றாக வாழ்ந்தார்கள். நாங்கள் பின்தெருக் கொட்டிலுக்குப் போனோம், எனக்கென்று அங்கே கல்வீடு எழும்பியது. அதற்குப் பிறகு வாப்பா ஒன்றும் நடவில்லை. ஒன்றையும் கழற்றவில்லை, வளர்க்கவில்லை. கந்தோர் விட்டு வந்தால் கதிரையில் இருப்பார். வைத்த பிட்டைச் சூடாறுமுன் தின்பார். உம்மாவால் அதைத் தாங்க முடியவில்லை.

"எழும்பி எங்கயாவது ஒரு சுத்துச் சுத்திட்டு வாங்களன். ஒரு ரேடியோவயாவது கழட்டுங்களன்" என்று கெஞ்சுவா.

"இரிக்கட்டும்" என்பார்.

உம்மா போனா, மாமா போனார். சுனாமியில் ராத்தாவின் வீட்டைக் கடல் கொண்டுபோனது, ஆட்கள் தப்பினார்கள். வாப்பா கடைசிக் காலமெல்லாம் என் வீட்டில்தான் இருந்தார். ஒரு பின்னேரம் தேத்தண்ணீர் கொடுக்கப் போனேன். கோப்பையை வாங்கினார், குடிக்கவில்லை.

"மகள், ஒண்டு கேக்கட்டா? அண்டைக்கி மாமா கொடியக் கிண்டக்குள்ள நீ ஊட்டயா நிண்ட?"

நாற்பது வருடத்துக்கு மேல் போயிருந்தது. சொல்லியிருந்தால் மன்னித்திருப்பார், அது எனக்குத் தெரியும்.

"இல்ல வாப்பா" என்றேன். "பள்ளிக்கு ஓதப் போயிருந்த."

அவர் பெரிதாக மூச்சு விட்டார்.

"நான் ஒருத்தரிட்டயும் கேக்கல்ல, உம்மாட்டயும் கேக்கல்ல. கேக்கத் தேவல்ல எண்டு எனக்குத் தெரியும். நீ நிண்டிருந்தா விட்டிருக்க மாட்டாய்."

பிறகு தேத்தண்ணீரை ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்துவிட்டுக் கோப்பையை என் கையில் தந்தார்.